உஷார்! அலாரம் 'ஆஃப்' ஆனால் ஓடுங்கள்

"சார், ஒரு சந்தேகம். அலாரம் நின்னா நாங்க எதுக்கு வெளியே ஓடணும்?"

கேட்டவர் ஐம்பதைத் தாண்டிய ஃபிட்டர். மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் கம்ப்ரஸர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவர் கையில் இருந்தது நான் தமிழில் எழுதிக் கொடுத்த பாதுகாப்புக் குறிப்பு. லேமினேட் செய்து, மேலே இரண்டு ஓட்டை போட்டு, கயிறு கோத்தாயிற்று. சுவரில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அம்மோனியா கசிந்தால் கண்டுபிடித்துச் சத்தம் போடும் கருவி ஒன்று வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்திருந்தது. அதோடு வந்த ஆங்கிலத் தாளில், அலாரம் 'கோஸ் ஆஃப்' என்றால் உடனே கட்டடத்தை விட்டு வெளியேறவும் என்று ஒரு வரி. அதை நான் 'அலாரம் நின்றுவிட்டால் உடனே வெளியேறவும்' என்று எழுதியிருந்தேன்.

அந்த வரிப்படி நடந்தால் என்ன ஆகும்? அலாரம் அலறுகிற வரைக்கும் உள்ளேயே இருக்க வேண்டும். அது அடங்கிய பிறகு ஓட வேண்டும். அம்மோனியாவை ஒருமுறை முகர்ந்தவர்களுக்குத் தெரியும், அது அவ்வளவு அவகாசம் கொடுக்காது. கண் எரியும், தொண்டை பற்றும், மூச்சு அடைக்கும். அந்த ஃபிட்டருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இயந்திரம் தெரியும். அதனால் கேட்டார். கேட்காமல் மாட்டியிருந்தால்? அன்றிலிருந்து பல இரவுகள் அந்தக் கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 'கோ ஆஃப்' தெரியாமல் இல்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவன் நான். அதே வாரம் வகுப்பில் இந்தச் சொல்லை நடத்தியிருக்கிறேன். இருந்தும் கை தவறாக எழுதியது. ஏன் என்று யோசித்துப் பார்த்தபோது கிடைத்த பதில்தான் பயமுறுத்தியது. 'ஆஃப்' எனக்கு ஆங்கிலச் சொல்லே அல்ல. அது தமிழ்ச் சொல்லாகி எத்தனையோ வருஷம் ஆகிறது.

யோசித்துப் பாருங்கள். மோட்டாரை ஆஃப் பண்ணு. ஃபேன் ஆஃப் ஆயிடுச்சு. கேஸை ஆஃப் பண்ணினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறோம். வாரத்தில் ஒருநாள் ஆஃப். சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தவன் பதில் இல்லாமல் வாயடைத்துப் போனால் 'ஆள் ஆஃப் ஆயிட்டான்' என்கிறோம். எல்லாவற்றிலும் ஒரே பொருள்தான்: நின்றது, அடங்கியது, ஓய்ந்தது. ஆங்கில எழுத்தே தெரியாத பாட்டிகூட டிவியை ஆஃப் பண்ணச் சொல்கிறார். அப்படி நம் வீட்டுச் சொல்லாகிவிட்ட ஒன்றை எந்த அகராதியில் போய்த் தேடுவோம்? தெரியாத சொல் வந்தால் நின்று பார்ப்போம், நாலு பேரைக் கேட்போம். தெரிந்த சொல்லைக் கேட்காமலே தாண்டிப் போகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே உஷார். ஆங்கிலத்தில் 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது. நிற்கவில்லை. அடித்தது. 'தி பாம் வென்ட் ஆஃப்' என்றால் குண்டு வெடித்தது. செயலிழந்து போகவில்லை. 'தி கன் வென்ட் ஆஃப்' என்றால் துப்பாக்கி வெடித்துவிட்டது. ஆனால் அதே வாயால் 'தி லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்தது. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு பொருள். 'விளக்கு வென்ட் ஆஃப் ஆன மறுநிமிஷம் குண்டு வென்ட் ஆஃப் ஆனது' என்று ஒரே மூச்சில் சொல்லலாம். ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு அதில் எந்தக் குழப்பமும் வராது. முதல் பாதியில் இருட்டும் இரண்டாம் பாதியில் வெடிச்சத்தமும் அவர் மனதில் தானாக வந்துவிடும். நமக்கு இரண்டும் அடங்கிப் போனதாகவே கேட்கும்.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் அல்ல. 1755-ல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினைச்சொல்லின் வாலில் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயலாருக்குப் பெரிய சிக்கல் என்று எழுதி வைத்தார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் பரவியது அதற்கும் வெகுகாலம் கழித்து, லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல் வெளியிட்ட நூலின் வழியாக. பெயர் வைப்பதற்கு முன்பே அந்தச் சிக்கல் இருந்தது. இன்னும் தீரவில்லை.

'ஆஃப்' என்பதன் அடிப்பொருள் 'விட்டு விலகி' என்பதுதான். உரிமையைக் காட்டும் 'ஆவ்' என்ற குட்டிச் சொல்லும் இதுவும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாக இருந்து பிறகு இரண்டாகப் பிரிந்தவை. விலகுவது என்பதை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஓரளவு பிடிபடும். துப்பாக்கியில் விசை விடுபட்டுக் குண்டு குழலை விட்டுக் கிளம்புகிறது. பழைய சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரத்தில், சுருள்வில்லைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி நேரம் வந்ததும் விடுகிறது. மணி படபடவென்று அடிக்கிறது. பிடித்து வைத்திருந்தது விடுபட்டால் அங்கே 'கோ ஆஃப்' என்றால் பாய்வது. விளக்கிலோ, வந்துகொண்டிருந்த மின்சாரம் விலகுகிறது. அங்கே 'கோ ஆஃப்' என்றால் அணைவது. விலகல் ஒன்றுதான். எது எதை விட்டு விலகுகிறது என்பதில்தான் உயிரும் சாவும் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். நம் மொழியில் 'கோ ஆஃப்'புக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். 'போ' என்ற வினைதான் அது. கரண்ட் போச்சு. பால் கெட்டுப்போச்சு. குழந்தை தூங்கிப்போச்சு. அவன்மேல் மனசு விட்டுப்போச்சு. வீட்டை விட்டுப் போனான். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'கோ ஆஃப்' பொருந்தும். பிரிட்டனில் பால் திரிந்தால் 'தி மில்க் ஹேஸ் கான் ஆஃப்' என்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் வேறு சொல். காபி பிடிக்காமல் போனால் 'ஐ ஹேவ் கான் ஆஃப் காஃபி'. தொட்டிலில் குழந்தை கண் அசந்தால் 'ஷீ ஹேஸ் கான் ஆஃப்'. மாணவர்கள் இவற்றைக் கேட்டதும் தலையாட்டுவார்கள், ஏனென்றால் அவர்கள் காதுக்குள் 'போச்சு' என்று தமிழ் ஒலித்துவிடுகிறது. ஆனால் 'போ' துணைக்கு வராத இடம் இரண்டு இருக்கிறது. குண்டு 'வெடித்தது', அலாரம் 'அடித்தது'. எல்லா இடத்திலும் நமக்கு வழிகாட்டும் தாய்மொழி, உயிர்போகும் அந்த இரண்டு இடத்தில் மட்டும் கையை விட்டுவிடுகிறது.

இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலில் செவிலியர்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். ஐஈஎல்டிஎஸ், ஓஈடி என்று தேர்வுக்கு மாதக்கணக்கில் படித்துத் தேறுகிறார்கள். ஓஈடியில் நோயாளிக்குப் பக்குவமாக விளக்குவதும் கடிதம் எழுதுவதும் வரும். வார்டில் கேட்கப்போகும் ஆங்கிலம் வேறு. இரவு இரண்டு மணிக்கு சீனியர் நர்ஸ் தாழ்வாரத்திலிருந்து தலையை நீட்டி, 'பம்ப்ஸ் கோயிங் ஆஃப் இன் சிக்ஸ்' என்கிறார். ஆறாவது படுக்கையில் மருந்து ஏற்றும் பம்ப்பின் அலாரம் அடிக்கிறது, போய்ப் பார் என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த பெண் 'ஆறில் பம்ப் ஆஃப் ஆகிறது, மருந்து முடிந்திருக்கும், சரி' என்று எடுத்துக்கொண்டால்? குழாயில் அடைப்போ காற்றுக் குமிழோ இருந்தால் அந்தச் சில நிமிஷம் யார் கணக்கு?

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் மருத்துவக் கருவிகளின் அலாரம் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அதற்கு வந்த தகவலில் அலாரம் சம்பந்தப்பட்ட சம்பவங்கள் 98. அதில் 80 பேர் இறந்திருக்கிறார்கள். அந்தச் சாவுகளுக்கு இந்தச் சொல் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஓயாத சத்தத்தில் காது மரத்துப்போவது, அலாரத்தை அணைத்து வைத்துவிடுவது, சத்தத்தைக் குறைத்து வைப்பது என்று காரணங்கள் வேறு. நான் சொல்வது இதுதான்: அலாரம் அடிப்பதும் அலாரம் அணைந்து கிடப்பதும் இரண்டுமே ஆளைக் கொல்லக்கூடிய ஓர் இடத்தில், இரண்டையும் நாம் ஒரே சொல்லாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

வார்டில் இன்னும் இருக்கிறது. 'ஹி இஸ் ஆஃப் ஹிஸ் ஃபுட்' என்றால் சாப்பாடு இறங்கவில்லை. 'கான் ஆஃப் ஹிஸ் லெக்ஸ்' என்று வயதானவரின் மகள் சொன்னால், நேற்றுவரை நடந்துகொண்டிருந்த அப்பாவால் இன்று எழுந்து நிற்க முடியவில்லை என்று பொருள். பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதைச் சுருக்கி 'ஆஃப் லெக்ஸ்' என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதுவார்கள். கிருமித் தொற்று முதல் பக்கவாதம் வரை அதன் பின்னால் எதுவும் இருக்கலாம். 'வென்ட் ஆஃப் ஹிஸ் மெடிகேஷன்' என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டார். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. 'பெட் ஃபோர் இஸ் கோயிங் ஆஃப்' என்று ஒரு டாக்டர் பரபரப்பாகச் சொன்னால், நாலாம் படுக்கைக்காரர் வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று பொருள் அல்ல. அவர் நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகம் எதிலும் இது முன்பக்கத்தில் இருக்காது.

அடுத்து, படிக்கப் போயிருக்கும் பிள்ளைகள். இங்கிலாந்தில் வாடகை வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்க வேண்டும் என்று 2015-லிருந்து சட்டம். கேஸ் பாய்லர் போல எரிபொருள் எரியும் கருவி பொருத்திய அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வேண்டும் என்று 2022 அக்டோபரில் சேர்த்தார்கள். நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்தால் அந்தப் புகைக்கே புகை அலாரம் கூப்பாடு போடும். அறைக்குள் நாலு பேர் இருமிக்கொண்டே துண்டை வீசி விசிறுவார்கள். மறுநாள் வீட்டுக்காரரிடமிருந்து குறுஞ்செய்தி வரும்: 'டிட் தி அலாரம் கோ ஆஃப்?'

என் மாணவன் ஒருவன், பொய் சொல்லத் தெரியாத பையன், 'நோ சார், இட் டிட் நாட் கோ ஆஃப்' என்று பதில் போட்டான். அவன் சொல்ல நினைத்தது, அது நிற்கவே இல்லை, ரொம்ப நேரம் அடித்தது என்பது. வீட்டுக்காரர் படித்தது, இவ்வளவு புகை வந்தும் அலாரம் அடிக்கவில்லை என்பது. அலாரத்தில் கை வைத்தாயா, பேட்டரியைக் கழற்றினாயா என்று கோபமாக அடுத்த செய்தி வந்தது. அழாத குறையாக எனக்கு ஃபோன் செய்தான். இது சின்ன விஷயம், ஒரு விளக்கத்தோடு முடிந்தது. நிஜமாகவே தீப்பிடித்து, அதே கேள்வியைத் தீயணைப்பு அதிகாரியோ காப்பீட்டு நிறுவனத்தின் ஆளோ கேட்டு, அதே பதிலை இவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால்? அலாரத்தைச் செயலிழக்க வைத்தவன் என்ற பழி அவன் தலையில் விழுந்திருக்கும்.

இதைச் சொல்லும்போதே ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தாளிப்புக்காக அந்த அலாரத்தின் பேட்டரியை மட்டும் கழற்றாதீர்கள். சமையலறைக் கதவைச் சாத்துங்கள், ஜன்னலைத் திறங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்திலும் கை வைக்காதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்துத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். நிமிஷத்துக்கு ஒருமுறை 'கீக்' என்று ஒற்றைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. விடாமல் உரக்க அடித்தால் அது வேறு. உடனே வெளியே வந்துவிடுங்கள், வெளியே நின்றுகொண்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

அலாரத்தை 'செட் ஆஃப்' செய்வது என்று இன்னொன்று வரும். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு 'செட் ஆஃப்' என்றால் இந்த வருஷ நஷ்டத்தை லாபத்தில் கழித்துக்கொள்வது. அங்கே அது கணக்கைத் தீர்க்கும் சொல். அலாரத்தோடு வந்தால் அதை அடிக்க வைப்பது. 'புகை பிடித்து அலாரத்தை செட் ஆஃப் பண்ணாதே' என்று ஹோட்டல் அறையில் எழுதியிருந்தால், அணைத்து வைக்காதே என்று அர்த்தம் ஆகாது. அணைக்க 'டர்ன் ஆஃப்', 'ஸ்விட்ச் ஆஃப்'. அடிக்க வைக்க 'செட் ஆஃப்'. அடித்தால் 'கோ ஆஃப்'. நான்கின் வாலும் ஒன்று, தலையைப் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும்.

புகலிடம் கேட்டுப் போன ஈழத்தமிழர்களுக்காக மொழிபெயர்க்க உட்காரும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கரண்ட் போனதையும் குண்டு வெடித்ததையும் அந்த மக்கள் ஒரே இரவில் பார்த்தவர்கள். விசாரணை அதிகாரி 'வாட் டைம் டிட் இட் கோ ஆஃப்?' என்று கேட்டால், எது என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே வாயைத் திறங்கள். விளக்கு போன நேரத்தையும் குண்டு வெடித்த நேரத்தையும் மாற்றிச் சொன்னதாகப் பதிவானால் 'முன்னுக்குப்பின் முரண்' என்று எழுதிவிடுவார்கள். அவர் சொன்னது உண்மைதான், உங்கள் வாயில் அது பொய்யாகிவிடக் கூடாது.

ஒரு ஃப்ரேசல் வெர்ப் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு விமானத்துறையில் ரத்தம் தோய்ந்த பெரிய சாட்சியம் இருக்கிறது. 1977 மார்ச் 27. கேனரி தீவுகளில் ஒரு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரிஃபுக்குத் திருப்பிவிட்டார்கள். சின்ன நிலையம், நெருக்கடி, மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் ஜம்போ விமானம், அதே ஓடுபாதையில் எதிரே பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ. ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியவில்லை. கேஎல்எம் விமானத்திலிருந்து 'வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்ற பொருளில் ஒரு செய்தி போகிறது. கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அது, கிளம்பத் தயாராக இடத்தில் நிற்கிறோம் என்று கேட்கிறது. உண்மையில் விமானம் ஓட ஆரம்பித்துவிட்டது. அடுத்து அதிகாரி சொன்னதும் பான் ஆம் சொன்னதும் ஒரே நேரத்தில் மோதி, ரேடியோவில் கீச்சென்ற சத்தமாகிவிட்டது. 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இன்றுவரை அதைவிடப் பெரியது இல்லை. பனி, அவசரம், ரேடியோ, அனுமதி வராமலே கிளம்பிய கேப்டனின் முடிவு என்று காரணங்கள் பல. அவற்றோடு இந்த ஒரு சொல்லும் உட்கார்ந்திருக்கிறது.

அதற்குப் பிறகு விதி மாறியது. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் உச்சரிக்கலாம். மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'. கப்பல்துறையும் விழித்துக்கொண்டது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் கப்பல் உரையாடலுக்கான நிலையான வாக்கியங்களை ஏற்றுக்கொண்டது. ஒரு நிகழ்வுக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான். விமானப் பராமரிப்புக் கையேடுகளை எழுதுவதற்கென்று எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம் ஒன்று இருக்கிறது. அதில் ஃப்ரேசல் வெர்ப் கூடவே கூடாது என்பது விதி. தீயை 'புட் அவுட்' செய் என்று எழுதக் கூடாது, அதற்கென்று இருக்கும் ஒற்றைச் சொல்லை எழுது என்பார்கள். ஆங்கிலத்தில் இயங்கும் துறைகளே அந்த மொழியை இந்த இடத்தில் நம்பவில்லை. நாம் ஏன் நம்ப வேண்டும்?

என் வகுப்பில் இப்போது நான் பொருள்பட்டியல் கொடுப்பதில்லை. பன்னிரண்டு அர்த்தத்தை மனப்பாடம் செய்தவன் இரவு இரண்டு மணிக்குப் பன்னிரண்டையும் மறந்துவிடுவான். ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: 'கோ ஆஃப்' ஆன சாமான் அதுவரை சும்மா இருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா? அலாரம், சைரன், குண்டு, துப்பாக்கி, பட்டாசு, காரின் ஏர்பேக் எல்லாம் சும்மா காத்துக்கொண்டிருப்பவை. அவை 'கோ ஆஃப்' ஆனால் கிளம்பிவிட்டன. விளக்கு, ஹீட்டர், ஃபேன், டிவி எல்லாம் ஓடிக்கொண்டிருப்பவை. அவை 'கோ ஆஃப்' ஆனால் நின்றுவிட்டன. பாலும் மீனும் என்றால் கெட்டுவிட்டன. வார்டு நோயாளியை விட்டுவிட்டால், மனிதர் என்றால் கிளம்பிப் போய்விட்டார், அல்லது யார்மீதோ எரிந்து விழுந்துகொண்டிருக்கிறார். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேமரா ஃப்ளாஷையும் டார்ச் லைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். இரண்டும் வெளிச்சம்தான். 'தி ஃப்ளாஷ் வென்ட் ஆஃப்' என்றால் பளிச்சென்று மின்னியது. 'தி டார்ச் வென்ட் ஆஃப்' என்றால் இருட்டிவிட்டது. ஃப்ளாஷ் காத்திருந்தது, டார்ச் எரிந்துகொண்டிருந்தது. இந்த ஒரு ஜோடியைப் பிடித்துக்கொண்டவர்கள் பிறகு தடுமாறுவதில்லை.

ஆனால் இந்தக் கேள்வியும் சில இடத்தில் கைகொடுக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பம்ப் 'கோயிங் ஆஃப்' என்றால் அதன் அலாரம் அடிக்கிறது என்பதை முன்பே பார்த்தோம். நம் ஊரில் 'ஃபோன் ஆஃப் ஆயிடுச்சு' என்றால் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அங்கே 'மை ஃபோன் கெப்ட் கோயிங் ஆஃப்' என்றால் ஃபோன் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. 'தி மானிட்டர் வென்ட் ஆஃப்' என்றாலோ, திரை இருண்டுவிட்டதா, அலாரம் அடித்ததா என்று ஆங்கிலேயருக்கே தெரியாது. அந்த மாதிரி இடத்தில் ஊகிக்காதீர்கள். 'ரிங்கிங் ஆர் ஸ்டாப்ட்?' அடிக்கிறதா, நின்றுவிட்டதா? ஒரே சின்னக் கேள்வி. கேட்டால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், நோயாளி பிழைத்தால் போதும்.

கைபேசி மொழிபெயர்ப்புச் செயலிகளை முழுதாக நம்பிவிடாதீர்கள். முழு வாக்கியத்தையும் கொடுத்தால் பல நேரம் சரியாகவே சொல்கின்றன. எச்சரிக்கைப் பலகையின் பாதி வரியை ஃபோட்டோ எடுத்துக் கொடுத்தால், அதுவும் என்னைப் போலத்தான், பழகிய பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம். பாதுகாப்புக் குறிப்பை எந்தச் செயலி தந்தாலும், எந்த மொழிபெயர்ப்பாளர் தந்தாலும், அந்த இயந்திரத்தோடு தினமும் மல்லுக்கட்டும் ஓர் ஆளிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். 'சரியா இருக்கா?' என்று கேட்டால் சரி என்பார். 'இப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?' என்று கேளுங்கள்.

பலகை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் எழுதினாலும் 'கோஸ் ஆஃப்' வேண்டாம். 'அலாரம் ரிங்ஸ்', 'அலாரம் சவுண்ட்ஸ்' என்று எழுதுங்கள். பிரிட்டனில் சுவரில் ஒட்டும் தீ எச்சரிக்கைப் பலகைகளில்கூட 'அலாரம் கேட்டால்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். தமிழில் எழுதும்போது ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு 'அலாரம் ஆஃப் ஆனால்' என்று எழுதுவது எல்லாவற்றையும்விட மோசம். அடித்தால், ஒலித்தால், அலறினால், கத்தினால் என்று நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது!

அன்று அந்த கம்ப்ரஸர் அறை வாசலில் லேமினேட் தாளை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன். "அண்ணே, தப்பு என்னுது. அடிச்சா ஓடணும்னு இருக்கணும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. கருவியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னொண்ணும் சேத்து எழுதிருங்க. போன வருஷம் இங்க ஒருதடவ பழைய மணி அடிச்சு, எல்லாரும் வெளிய ஓடினோம். அஞ்சு நிமிஷத்துல மணி நின்னுச்சு. சரியாப்போச்சுன்னு ஒரு பையன் உள்ள போயிட்டான். வயர் தெறிச்சுதான் மணி நின்னிருக்கு. கேஸ் அப்படியே இருந்துச்சு. இழுத்துட்டு வந்தோம்."

பேனாவை வாங்கி, தாளின் பின்பக்கத்தில் அவரே எழுதினார். அதை அப்படியே அச்சடித்து மாட்டினோம்:

'மணி அடிச்சா வெளியே ஓடு. மணி நின்னாலும் உள்ளே வராதே. சூப்பர்வைசர் வந்து சொல்லணும்.'